கோபாலகிருஷ்ண பாரதியார்

கோபாலகிருஷ்ண பாரதியார் (1810 - 1896) பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சாவூர்ப் பகுதியில் வாழ்ந்த தமிழ்ப் பாடலாசிரியரும் இசையறிஞரும் ஆவார். தாமே பாட்டு எழுதி, தாமே மெட்டு அமைத்து, தாமே அவையில் பாடிக் காட்டியவர். இவர் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை என்னும் இசைநூல் 1861-62 காலப்பகுதியில் அச்சேறியது. கதாகாலட்சேபம், மேடை நாடகம், கருநாடக இசைக் கச்சேரி, திரைப்படம் என நான்கு அரங்குகளிலும் நூறாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பாடப்பட்ட தமிழ் இசைநூல்கள் மிகச் சிலவே. அவற்றுள் இது ஒன்று.

நந்தனாரைப் பற்றித் தமிழ்நாட்டில் பொதுவாக அறியப்படும் கதை சேக்கிழாரின் பெரியபுராணத்தில் உள்ள கதை அன்று; பாரதியார் பாடிய கதையே. சிதம்பரம் போக விடை கேட்கும் நந்தனைத் தடுத்து நிறுத்தும் வேதியராகிய பண்ணையார் பெரியபுராணத்தில் இல்லை. அவர் முழுவதும் பாரதியாரின் கற்பனை. இந்த ஒரு பாத்திரம்தான் நூலின் புகழுக்கும், அதன்மீது எழுந்த எதிர்ப்புகளுக்கும் காரணமாயிற்று.

பிறப்பும் இளமையும்

பாரதியார் நாகப்பட்டினத்திற்கு அருகிலுள்ள நரிமணம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பெயர் இராமசாமி பாரதி. பாட்டனார் கோதண்டராம பாரதி. இவர்கள் வீணை வாசிப்பதைப் பரம்பரையாகக் கொண்ட குடும்பத்தினர். வடமொழியும் தமிழும் இசையும் வீட்டிலேயே கிடைத்த சூழலில் பாரதியார் வளர்ந்தார். நாகப்பட்டினத்துப் பகுதியிலிருந்து முடிகொண்டான் என்னும் ஊருக்கும், பின்னர் மாயூரத்திற்கு (இன்றைய மயிலாடுதுறை) அருகிலுள்ள ஆனந்ததாண்டவபுரத்திற்கும் இவருடைய வாழ்க்கை நகர்ந்தது. ஆனந்ததாண்டவபுரத்தில் நிலவுடைமையாளர் ஒருவரின் ஆதரவில் நெடுநாள் தங்கினார்.

இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அரசவைப் பதவியையோ நிலையான சம்பளத்தையோ நாடவில்லை. மாயூரத்தில் கோவிந்த யதி என்னும் துறவியிடம் அத்வைத வேதாந்தமும் யோகமும் கற்றார். பாரதியாரின் பாடல்களில் தில்லை நடராசர்மீதான பக்தியும், எல்லாம் ஒன்றே என்னும் அத்வைதக் கருத்தும் ஒரே அடியில் கலந்து வருவதற்கு இந்தப் பயிற்சி காரணம் எனலாம்.

பாரதியார் பிறந்த வட்டாரத்திற்குத் தமிழிசையில் ஏற்கெனவே ஒரு வரலாறு உண்டு. முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை (1712 - 1787), அருணாசலக் கவிராயர் (1711 - 1779) ஆகிய மூவரும் சீர்காழி, சிதம்பரம் பகுதியைச் சேர்ந்தவர்கள். கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனை, ஒரு நீண்ட கதையைத் தமிழ்க் கீர்த்தனைகளால் கோத்துச் சொல்ல முடியும் என்பதைக் காட்டியிருந்தது. அந்த வழியில் அடுத்து வந்த பெரிய முயற்சி பாரதியாருடையது. ஆனால் கவிராயர் எடுத்துக்கொண்டது அரசன் கதை; பாரதியார் எடுத்துக்கொண்டது பண்ணையாள் கதை.

இசைப் பயிற்சி

தஞ்சை மராத்திய அரச குடும்பத்தின் ஒரு கிளையினர் திருவிடைமருதூரில் வாழ்ந்து வந்தனர். ஆட்சியிலிருந்து 1798-இல் நீக்கப்பட்ட அமரசிம்மனும், பின்னர் அவருடைய மகன் பிரதாபசிம்மனும் அங்கே இசைவாணர்களை ஆதரித்தனர். அந்த அவையில் இருந்த இராமதாசர் என்பவரிடம் பாரதியார் இந்துஸ்தானி இசை பயின்றார். கனம் கிருஷ்ணையர் போன்ற பெரிய வித்துவான்களின் பாட்டைக் கேட்கும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது.

ஆகவே பாரதியாரை நாட்டார் மெட்டுகள் மட்டும் அறிந்த கதைப்பாடகர் என்று கொள்வது பிழை. அவர் மூன்று இசை மரபுகளை அறிந்தவர்: வீட்டில் கற்ற கருநாடக இசை, திருவிடைமருதூரில் கற்ற இந்துஸ்தானி இசை, வயல்வெளியிலும் தெருவிலும் கேட்ட சிந்தும் கண்ணியும். மூன்றாவதை அவர் தெரிந்தே தேர்ந்தெடுத்தார்.

தியாகராசரைச் சந்தித்தது

திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசரை (1767 - 1847) பாரதியார் நேரில் சென்று கண்டதாக ஒரு செய்தி வழங்குகிறது. வந்தவர் மாயூரத்துப் பக்கத்தவர் என்று அறிந்த தியாகராசர், அங்கே கோபாலகிருஷ்ண பாரதி என்பவரைத் தெரியுமா என்று விசாரித்தாராம். தாமே அவர் என்று பாரதியார் பணிவுடன் தெரிவித்தார். அப்போது சீடர்கள் ஆபோகி இராகத்தில் ஒரு கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருந்தனர். அந்த இராகத்தில் ஏதேனும் செய்திருக்கிறீர்களா என்று தியாகராசர் கேட்க, பாரதியார் விடை சொல்லாமல் திரும்பி, மறுநாள் நடராசர்மீது ஆபோகியில் புதிய கீர்த்தனை ஒன்றை இயற்றி வந்து பாடிக் காட்டினார் என்பர்.

அந்தக் கீர்த்தனை பின்னர் கச்சேரி மேடைகளில் மிகவும் புகழ்பெற்றது. தியாகராசர் தெலுங்கிலும் வடமொழியிலும் பாடியவர், இராமனை வழிபட்டவர். பாரதியார் தமிழில் பாடியவர், சிவனை வழிபட்டவர். கருநாடக இசையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் எது என்ற விவாதம் 1940-களில் தமிழிசை இயக்கமாக எழுந்தபோது, தமிழிலும் கனமான கீர்த்தனைகள் உண்டு என்பதற்குக் காட்டப்பட்டவர்களுள் பாரதியாரும் ஒருவர்.

நந்தனார் சரித்திரத்தின் மூலக்கதை

நந்தனார் அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவர். திருநாளைப்போவார் நாயனார் என்பது புராணப் பெயர். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சிதம்பரப் பயணத்தைத் தள்ளிப்போட்டு வந்ததால் இப்பெயர் பெற்றார். சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் இவரைப் பெயரளவில் குறிப்பிடுகிறார். நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் ஒரு பாட்டில் பாடுகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார்தான் விரிவாகக் கதை சொல்கிறார்.

சேக்கிழார் காட்டும் நந்தனார் கொள்ளிடக் கரையிலுள்ள ஆதனூரில் பறையர் குலத்தில் பிறந்தவர். கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் அளிப்பது அவருடைய தொண்டு. அவருடைய பிழைப்புக்கு ஊரார் விட்ட நிலம் உண்டு. சேக்கிழார் அதைப் பறைத்துடவை என்கிறார். திருப்புன்கூரில் வெளியே நின்று வழிபட்டபோது சிவன் நந்தியை விலகச் செய்து காட்சி தருகிறார். நந்தனார் அங்கே ஒரு குளமும் தோண்டுகிறார். பின்னர் சிதம்பரம் சென்று, உள்ளே புக முடியாமல் எல்லையை வலம் வருகிறார். கனவில் இறைவன் ஆணையிட, தில்லைவாழ் அந்தணர் தீ வளர்க்க, அதில் மூழ்கி அந்தண முனிவர் வடிவில் எழுந்து, நடராசர் முன் சென்று மறைகிறார்.

இந்தக் கதையில் நந்தனைத் தடுப்பது பிறப்பு குறித்த அவருடைய தயக்கம் மட்டுமே. நந்தனாருக்கு எசமானன் இல்லை. யாரிடமும் அவர் விடுப்புக் கேட்க வேண்டியதில்லை.

பாரதியார் செய்த மாற்றம்

பாரதியாரின் நந்தன், வேதியர் ஒருவரின் பண்ணையில் அடிமையாள். மார்கழித் திருவாதிரையன்று சிதம்பரத்தில் நடராசரைக் காண வேண்டும் என்பது அவன் ஆசை. ஆனால் மார்கழி அறுவடைக்கு முந்திய காலம். வயலில் வேலை தலைக்குமேல் இருக்கும். நந்தனுக்கு முதல் எதிர்ப்பு அவன் சேரிக்குள்ளேயே எழுகிறது. பெரிய கிழவன் முதலானோர், நமக்கு உரிய தெய்வங்கள் வீரனும் கருப்பனும் காட்டேரியும்தான், பார்ப்பார் தெய்வம் நமக்கு எதற்கு என்று வாதிடுகின்றனர். பின்னர் ஆண்டையிடம் போய் நந்தன் கெட்டுப்போனான் என்று முறையிடுகின்றனர். ஆண்டை நந்தனைக் கடுமையான வசைமொழிகளால் ஏசுகிறார்.

நந்தன் மீண்டும் மீண்டும் கெஞ்சுகிறான். கடைசியில் வேதியர் ஒரு நிபந்தனை விதிக்கிறார். நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போகலாம் என்கிறார். ஒரு வேலி என்பது ஏறத்தாழ ஆறேமுக்கால் ஏக்கர். நாற்பது வேலி சுமார் 270 ஏக்கர் ஆகும். ஒரு மனிதனால் ஒரு பருவத்தில்கூட முடிக்க இயலாத வேலை அது. அதாவது வேதியர் அனுமதி மறுக்கவில்லை; நடக்க முடியாத அனுமதியைத் தருகிறார். அடுத்த நாள் விடிவதற்குள் இறையருளால் வேலை முடிந்து கதிர் விளைந்து நிற்கிறது. அதைக் கண்ட வேதியர் மனம் மாறி, தம் அடிமையின் காலில் விழுகிறார்.

பாரதியார் இக்கதையைப் பாடிய காலத்தை நோக்குவது பயனுள்ளது. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை முறையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று கூறியது. அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் 1862-ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் காவிரிப் பாசன நிலங்களில் பண்ணையாள் முறை நீடித்தது. கடனாலும் பழக்கத்தாலும் குடும்பம் குடும்பமாக மிராசுதாரர்களிடம் கட்டுண்டு கிடந்தனர். அவர்கள் ஆண்டையின் விடையின்றி ஊரைவிட்டு வெளியேற முடியாது. உருசியப் பேரரசில் பண்ணையடிமைகள் விடுவிக்கப்பட்டதும் 1861-இல்தான் என்பது ஒரு தற்செயல். பாரதியாருக்கு அச்செய்தி தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனந்ததாண்டவபுரத்துத் திண்ணையில் அமர்ந்தாலே வயலும் ஆளும் ஆண்டையும் கண்ணில் படுவர். அவரை ஆதரித்தவர்களும், அவருடைய கதையைக் கேட்டவர்களில் பெரும்பாலோரும் நிலவுடைமையாளர்களே என்பதையும் மறக்கக் கூடாது. அவர்கள் முன்னிலையில் அவர்களையே கதையின் கொடியவராக நிறுத்திப் பாடினார்.

பாட்டின் அமைப்பு

நந்தனார் சரித்திரம் ஒரே வகைப் பாட்டால் ஆனதன்று. இராக தாளத்துடன் பல்லவி, அனுபல்லவி, சரணம் கொண்ட கீர்த்தனைகளோடு விருத்தம், கண்ணி, தண்டகம், இலாவணி, கட்டியம், நொண்டிச்சிந்து எனப் பல வடிவங்கள் இடையிடையே வருகின்றன. இலாவணி மராத்தியரோடு தஞ்சைக்கு வந்த பாட்டு வகை. நொண்டிச்சிந்து பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் நொண்டி நாடகங்களில் வழங்கியது. திருடிக் கால் வெட்டப்பட்டவன் தன் கதையைச் சொல்லும் நாடகம் அது. தெருவில் பிறந்த அந்த மெட்டைப் பாரதியார் ஒரு நாயனாரின் கதைக்குப் பயன்படுத்தினார்.

பாத்திரத்திற்கு ஏற்ப மொழி மாறுகிறது. சேரியில் நடக்கும் வாதங்கள் பேச்சுத் தமிழில் உள்ளன. வேதியரின் பேச்சில் அதட்டல் தெரிகிறது. நந்தன் தனித்து இறைவனிடம் பேசும் இடங்களில் மொழி கனிந்து, இராகமும் விரிகிறது. உள்ளே வரலாமா என்று நந்தன் தயங்கிக் கேட்கும் கீர்த்தனை மாஞ்சி இராகத்தில் அமைந்துள்ளது. திருப்புன்கூரில் நந்தி மலைபோல் மறைத்து நிற்பதைச் சொல்லி வருந்தும் பாட்டும் பெரும்புகழ் பெற்றது. இப்பாடல்களில் சொற்கள் மிக எளியவை. அகராதி பார்க்க வேண்டிய சொல் அரிதாகவே வரும்.

பாடல்களில் கோபாலகிருஷ்ணன், பாலகிருஷ்ணன் என்னும் முத்திரைகளை அவர் கையாண்டார்.

மகாவித்துவானின் சிறப்புப்பாயிரம்

அக்காலத்தில் ஒரு நூல் அறிஞர் அவையில் மதிக்கப்பட வேண்டுமானால் பெரும் புலவர் ஒருவரின் சிறப்புப்பாயிரம் வேண்டும். பாரதியார் மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை (1815 - 1876) நாடினார். பிள்ளைக்கு நூலின்மேல் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, இலக்கணப் பிழைகள். மெட்டுக்காகச் சொற்கள் சிதைந்திருந்தன. கொச்சை வழக்குகள் கலந்திருந்தன. மற்றொன்று, கதை பெரியபுராணத்திலிருந்து விலகியது. சேக்கிழாரிடம் ஆழ்ந்த பற்றுடைய பிள்ளைக்கு, புராணத்தில் இல்லாத வேதியரைப் படைத்தது சிறிய குற்றமாகத் தோன்றவில்லை. முகத்துக்கு நேரே மறுக்க மனமின்றி, பின்னர் வருமாறு பலமுறை சொல்லி அனுப்பினார்.

ஒருநாள் நண்பகலில் பாரதியார் சென்றபோது பிள்ளை உள்ளே படுத்திருந்தார். பாரதியார் அவரை எழுப்பாமல் திண்ணையில் அமர்ந்து நந்தன் கீர்த்தனை ஒன்றைத் தமக்குள் பாடத் தொடங்கினார். அது கனகசபை தரிசனத்திற்கு ஏங்கும் பாட்டு. உறக்கம் கலைந்த பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தார், கண்ணீர் பெருகியது. எழுந்து வந்து, இத்தனை நாள் அலையவிட்டதற்கு வருந்தி, சிறப்புப்பாயிரம் எழுதித் தந்தார். இந்நிகழ்ச்சியைப் பிள்ளையின் மாணவரான உ. வே. சாமிநாதையர் எழுதி வைத்துள்ளார்.

இக்கதையை இலக்கணம் தோற்று இசை வென்ற கதையாகச் சொல்வது வழக்கம். ஆனால் பிள்ளை சுட்டிய பிழைகள் பிழைகளாகவே இருந்தன; அவர் கருத்தை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஏட்டில் படித்தபோது கண்ணில் பட்டவை காதால் கேட்டபோது தடையாக இல்லை என்பதே உண்மை. நந்தனார் சரித்திரம் படிப்பதற்கு எழுதிய நூல் அன்று.

அச்சேறிய வரலாறு

நாகப்பட்டினத்தில் கந்தப்ப செட்டியார் என்னும் வணிகரின் ஆதரவில் பாரதியார் நந்தன் கதையைப் பாடினார். பாட்டுகள் மிக விரைவில் வாய்வழியாகப் பரவின. நாகப்பட்டினத்திற்கு வடக்கேயுள்ள காரைக்கால் அக்காலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அங்கே அதிகாரியாக இருந்த சிசே என்னும் பிரெஞ்சுக்காரர் இப்பாட்டுகளில் ஈடுபட்டு, நூலை அச்சிடுவித்தார். பிராமணக் கவிஞர் ஒருவர் பறையர் குலத்து அடியவரைப் பற்றிப் பாடிய தமிழ் நூல், செட்டியார் வீட்டில் அரங்கேறி, பிரெஞ்சு அதிகாரியின் ஆதரவில் அச்சேறியது.

மேடையில் இதை நிலைநிறுத்தியவர்களுள் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் முதன்மையானவர். மராத்தியக் கீர்த்தனகாரர்களின் முறையைத் தமிழுக்கு ஏற்ப மாற்றிக் கதாகாலட்சேபத்தை வளர்த்த அவர், நந்தனார் சரித்திரத்தைத் தம் முக்கியமான கதைகளுள் ஒன்றாகக் கொண்டார். அவர் பாடிய வழியே பிற்காலப் பாகவதர்களுக்கு முன்மாதிரி ஆயிற்று.

பிற படைப்புகள்

திருநீலகண்ட நாயனார், இயற்பகை நாயனார், காரைக்கால் அம்மையார் ஆகியோரின் வரலாறுகளையும் பாரதியார் கீர்த்தனைகளாகப் பாடினார். குயவர், வணிகர், பெண் என இவர் எடுத்துக்கொண்ட அடியார்கள் யாரும் வேதியரோ வேந்தரோ அல்லர். ஆயினும் இந்நூல்கள் நந்தனார் சரித்திரம்போல் பரவவில்லை. நடராசர்மீது பாடிய தனிக் கீர்த்தனைகள் பல. அவற்றுள் சில இன்றும் கச்சேரிகளில் பாடப்படுகின்றன.

மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை (1826 - 1889) பாரதியாரின் நண்பர். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதியவர் இவரே. பஞ்ச காலத்தில் வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்கு உணவளித்ததைப் போற்றிப் பாரதியார் ஒரு கீர்த்தனை பாடினார் என்பர். மனிதர்களைப் பாடுவதில் விருப்பமில்லாத பாரதியார் ஒரு கிறித்தவ நண்பரைப் பாடியது குறிப்பிடத்தக்கது.

மாயூரத்தில் முதுமை

1871-இல் பதினாறு வயது சாமிநாதையர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்க மாயூரம் வந்தார். அவருடைய தந்தையார் கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். பாரதியாரிடம் பெருமதிப்பு உடையவர். தமிழோடு இசையும் கற்கட்டும் என்று மகனைப் பாரதியாரிடம் ஒப்படைத்தார். அப்போது பாரதியாருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. சில காலம் பாடம் நடந்தது. இசையில் மனம் சென்றால் இலக்கணத்தில் மனம் நில்லாது என்று கருதிய பிள்ளைக்கு இது தெரியவந்ததும் பிடிக்கவில்லை. சாமிநாதையர் இசைப் பாடத்தை நிறுத்திவிட்டார்.

அந்த மாணவர்தான் பின்னர்ச் சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் புறநானூற்றையும் பதிப்பித்தார். பாட்டுப் பாடம் நின்றாலும் பாரதியாரை அவர் மறக்கவில்லை. 1936-இல் பாரதியாரின் வரலாற்றைத் தனி நூலாக வெளியிட்டார். தம் தன்வரலாறான என் சரித்திரத்திலும் மாயூர நாட்களை விவரித்தார். இன்று பாரதியாரைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி சாமிநாதையர் எழுதியதே. பாரதியார் தம்மைப் பற்றி எதையும் எழுதவில்லை. 1896-இல் அவர் காலமானார்.

நந்தன் பாட்டின் பிற்காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நந்தன் பாட்டின் மெட்டுகள் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தன. சுப்பிரமணிய பாரதியார் இதை அரசியலுக்குப் பயன்படுத்தினார். சுயராச்சியம் கேட்கும் இந்தியனை ஆங்கில அதிகாரி இகழ்ந்து பேசுவதாக அவர் எழுதிய பாட்டு, வேதியர் நந்தனை ஏசும் பாட்டின் மெட்டில் அமைந்தது. மெட்டைக் கேட்டவுடனே கேட்பவருக்கு வேதியர் நினைவுக்கு வருவார். ஆங்கிலேயன் ஆண்டையாகவும் நாடே நந்தனாகவும் ஆகிவிடும். கவிஞர் இதைத் தனியே விளக்க வேண்டியிருக்கவில்லை. காந்தியடிகளும் நந்தனைச் சத்தியாகிரகிக்கு எடுத்துக்காட்டாகக் கூறியுள்ளார்.

ஒடுக்கப்பட்ட மக்களின் கல்விப் பணிக்கும் இப்பெயர் பயன்பட்டது. சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார். நந்தனார் நெருப்பில் மூழ்கிய ஊராகச் சொல்லப்படும் இடத்தில் அவர் குலத்துப் பிள்ளைகள் படிக்கத் தொடங்கினர்.

திரைப்படங்களில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. 1935-இல் வெளிவந்த நந்தனார் படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், மகாராசபுரம் விசுவநாதையர் வேதியராகவும் நடித்தனர். சுந்தராம்பாளுக்கு ஒரு இலட்சம் ரூபாய் ஊதியம் அளிக்கப்பட்டது பெரும் செய்தியாயிற்று. படத்தைக் கல்கி கடுமையாகக் கிண்டல் செய்தார். 1942-இல் ஜெமினி வெளியிட்ட நந்தனாரில் எம். எம். தண்டபாணி தேசிகரும் செருகளத்தூர் சாமாவும் நடித்தனர். முருகதாசா இயக்கினார். இந்தப் படத்திற்குப் பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும் புதிய பாடல்கள் எழுதினர். தேசிகர் குரலில் புகழ்பெற்ற பாட்டுகளில் சில சிவனுடையவை. அவற்றையும் கோபாலகிருஷ்ண பாரதியார் பாட்டு என்று கருதும் மயக்கம் இன்றும் உள்ளது. இசைத்தட்டுகளையும் கச்சேரிகளையும் கேட்பவர்கள் முத்திரையைக் கொண்டு வேறுபாடு காணலாம்.

மாற்றுக் கருத்துகள்

நந்தனார் சரித்திரம் சாதிக்கு எதிரான நூலா என்ற கேள்வி தொடர்ந்து எழுப்பப்பட்டு வருகிறது. அயோத்திதாசப் பண்டிதர் (1845 - 1914) இந்தக் கதையையே ஏற்கவில்லை. நந்தன் ஒரு பௌத்த அரசன் என்றும், அவனைச் சூழ்ச்சியால் அழித்த வரலாறு பின்னர் அடிமையின் கதையாகத் திரிக்கப்பட்டது என்றும் அவர் எழுதினார். புதுமைப்பித்தன் 1934-இல் எழுதிய புதிய நந்தன் என்னும் சிறுகதை, ஆதனூரைக் காந்தியம், சுயமரியாதை ஆகியவற்றின் காலத்திற்குக் கொண்டுவந்து, அங்கும் முடிவு நன்றாக இல்லை என்று காட்டியது.

முக்கியமான எதிர்வாதம் முடிவைப் பற்றியது. கதையில் வேதியர் திருந்துவது ஒரு அற்புதத்தால். நந்தனின் வாதத்தால் அன்று. கோயில் கதவு திறப்பது நந்தனுக்கு அன்று. தீயில் மூழ்கி அந்தண வடிவம் பெற்று எழுந்தவருக்கு. ஒரே இரவில் விளைந்த நாற்பது வேலியும் மறுநாள் வேதியருடைய நெல்லாகவே இருக்கிறது. இந்திரா பார்த்தசாரதி 1978-இல் எழுதிய நந்தன் கதை நாடகம், தீயில் மூழ்கிய நிகழ்ச்சியைத் திட்டமிட்ட கொலையாகக் காட்டியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் அவர் எழுதிய குருதிப்புனல் நாவலுக்கு அடிப்படை கீழ்வெண்மணி நிகழ்ச்சி. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் 1968-ஆம் ஆண்டு திசம்பர் 25 அன்று அங்கே ஒரு குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டனர். கீழ்வெண்மணி, பாரதியார் பிறந்த நரிமணம் இருக்கும் அதே நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ளது. அதன்பின் நந்தன் கதையின் நெருப்பைப் பழையபடி கேட்பது பலருக்கு இயலாமற் போயிற்று.

பாரதியார் முடிவை மாற்றவில்லை என்பது உண்மை. முடிவு சேக்கிழாருடையது, அவர் மாற்றியது தொடக்கம். நந்தன் ஏன் நாளை, நாளை என்றான் என்ற கேள்விக்குச் சேக்கிழார் தந்த விடை தயக்கம். பாரதியார் தந்த விடை, ஆண்டை விடவில்லை என்பது. புராணத்தை இலக்கணமாகக் கொண்ட மகாவித்துவானுக்கு உறுத்தியதும் இதுவே.

கச்சேரி மேடையில் இந்த வேதியர் இப்போது அரிதாகவே தோன்றுகிறார். முழுக் கதையையும் பல மணி நேரம் பாடும் காலட்சேபங்கள் குறைந்தபின், நந்தனின் ஏக்கத்தைச் சொல்லும் சில கீர்த்தனைகள் மட்டும் தனித்தனியே பெரும்பாலும் கச்சேரியின் பிற்பகுதியில் பாடப்படுகின்றன. சேரி வாதங்களும், ஆண்டையின் வசைகளும், நொண்டிச்சிந்துப் பகுதிகளும் பழைய அச்சுப் பிரதிகளில்தான் கிடைக்கின்றன. மாஞ்சி இராகத்தைக் கற்கத் தொடங்குபவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது, வாயிலில் நின்று உள்ளே வர அனுமதி கேட்கும் நந்தனின் பாட்டே ஆகும்.